டாக்டர் மாடியில்தான் இருக்கிறார்

புரட்டாசி 3, திங்கள்

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால், தக்காளியை ரோட்டில் கொட்டிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று சொல்லலாம். பஸ் ஸ்டாண்டை ஊர் நடுவிலிருந்து பெயர்த்து, யாரும் போகாத இடத்தில் கட்டித் திறந்ததும் இந்த வருஷம்தான். எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய குழியில் கவுன்சிலர் வீட்டு மாடு விழுந்து, அதைத் தூக்க வந்த கிரேனும் ஒரு சக்கரம் இறங்கி நின்றதே, அந்த ஆடிக்குப் பிறகு வந்த புரட்டாசி. நம்பர் கணக்கெல்லாம் எழுதுகிறவள் பார்த்துக்கொள்வாள். தேதியும் அவள்தான் காலண்டரைப் பார்த்துப் போடுகிறாள்.

எழுதுகிறவள் என் வீட்டுக்காரி. எட்டாவது வரை படித்தவள். நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஆடு கட்டியதோடு சரி. "நான் பேசறாப்பலயே எழுதிக்க" என்றேன். "பேச்சு பேச்சாட்டம் இருக்கட்டும், எழுத்து எழுத்தாட்டம் இருக்கட்டும்" என்றாள். ஆகையால் இந்த நோட்டில் நான் ரொம்பப் படித்தவன் மாதிரித் தெரிவேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

நோட்டுப் போடச் சொன்னது டாக்டர் முத்துரத்தினம். தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன், கால் எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். எனக்குச் சொல்ல அதற்கு மேலும் இருக்கிறது. அவர் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். டாக்டர்களுக்கு எழுத்து பிடிக்காது என்பது அவர்கள் எழுதுவதைப் பார்த்தாலே தெரியும்.

இடது பாதத்தில் புண். ஆடி மாதம் கோயிலுக்கு வெறுங்காலில் போனேன். தார் ரோடு சுட்டது எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை வந்தவன் காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. திரும்பி வந்து வீட்டுக்குள் நடந்தபோது, தரையில் ஈரத் தடம் விழுகிறதே என்று இவள்தான் கண்டுபிடித்தாள். முதல் நாள் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்படிச் சுத்தம் பண்ணு, இந்த மருந்தை வை, இப்படிக் கட்டு என்று சொன்னார். அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி கட்டுப் பிரித்துக் கட்டுவது நர்ஸ் பியூலா. நாசரேத் பக்கத்துப் பிள்ளை. இங்கே ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறது.

கிளினிக் கீழே, டாக்டர் வீடு மாடியில். அவருடைய அம்மா மாடியில் படுத்த படுக்கை. கூட்டம் ஓய்ந்ததும் டாக்டர் மேலே போய் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவார். அந்த நேரத்தில்தான் கீழே கட்டுப் போடும் வேலை நடக்கும். கட்டுப் போடும் அறையின் மூலையில் மாடிச் சமையலறையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் இறங்குகிறது. பியூலாவுக்கு எதிலாவது சந்தேகம் வந்தால் கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் குழாயைத் தட்டும். டாக்டர் இறங்கி வருவார். போன் இருக்கிறதே என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"போன எங்க வச்சாருன்னு டாக்டருக்கே தெரியாது தாத்தா. குழாய் எங்கயும் போகாதுல்லா" என்றது.

செலவெல்லாம் மில் அட்டையில். மில் மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது; அதன் மருத்துவ நிதியை மட்டும் மூடவில்லை. எங்களைப் போல வேலை செய்து ஓய்ந்தவர்கள் அட்டையை நீட்டினால் போதும்.

இன்று ராகிக் களி, கீரை. தெருமுனை வரை நடந்தேன். கால் பரவாயில்லை.

(தெருமுனையில் டீக்கடை. டீயில் சர்க்கரை.)

அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் சொன்னது இல்லை. அவளாகச் சேர்க்கிறாள்.

புரட்டாசி 5, புதன்

கட்டுப் பிரிக்கும்போது பியூலாவுக்கும் எனக்கும் இன்றும் சண்டை.

"கால ஆட்டாதீங்க தாத்தா."

"நான் எங்கம்மிணி ஆட்டறேன். அதுவா ஆடுது."

"அப்ப அதுகிட்டச் சொல்லுங்க, சும்மா கெடன்னு."

"அது எம்பட பேச்சைக் கேட்டிருந்தா இங்க எதுக்கு வருது."

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டது. களி என்றேன். "மூஞ்சியப் பாத்தா களி தின்ன மூஞ்சி மாதிரி இல்லியே. ஜாங்கிரி தின்ன மூஞ்சில்லா இது" என்றது. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டை டாக்டர் படிக்காவிட்டால் என்ன, பியூலா படிக்கிறது.

மில்லில் சாயப் பிரிவில் இருந்த குப்பணனுக்குக் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள், அப்புறம் பாதத்தை எடுத்தார்கள், அப்புறம் அவனையே எடுத்துக்கொண்டு போனோம். சும்மா பேச்சுக்குத்தான் இதைச் சொன்னேன். பயத்தில் சொல்லவில்லை.

"இதோட எத்தன தடவ குப்பணன் கதையச் சொல்லுதீங்க. உங்க விரல் அஞ்சும் என் பொறுப்பு. ஒண்ணுகூடப் போவாது" என்றது.

வீடு வரும்வரை கால் லேசாக இருந்தது.

புரட்டாசி 6, வியாழன்

தோசை இரண்டு. நடக்கவில்லை.

(நான்கு. நடந்தார்.)

புரட்டாசி 7, வெள்ளி

இன்று என் வார்த்தையை ஒரு பெரிய இடத்து அம்மிணி உட்கார்ந்து எழுதிக்கொண்டது. பேர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் மருத்துவ நிதியின் ஆபீஸ். கிளினிக்குகள் அனுப்பும் பில்லெல்லாம் சரியா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற வேலை. பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"வெள்ளிங்கிரி அய்யா, உங்களுக்குக் கட்டு யாருங்க போடறாங்க?"

"பியூலாதானுங்க. அந்தப் புள்ளை கை பட்டா வலியே தெரியாதுங்க."

"வலி சர்க்கரையால தெரியாதுங்கய்யா."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாமுங்க."

"டாக்டர் பக்கத்துல நிப்பாரா?"

"எதுக்குங்க? அந்தப் புள்ளை இருக்கையில டாக்டருக்கு அங்க என்னங்க வேலை. டாக்டர் கை என்ற காலுல படறதே இல்லீங்க. அம்புட்டும் அதுதான்."

"டாக்டர் அப்ப எங்க இருப்பாரு?"

"அவரு வீட்டுல இருப்பாருங்க. நிம்மதியா இருப்பாரு. இந்த மாதிரி ஒரு புள்ளை கெடைச்சா எந்த டாக்டரும் நிம்மதியா இருக்கலாமுங்க."

ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டது. முடிந்ததும், சம்பளம் கூட்டிக் கொடுக்கும்படி நீங்களும் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்து பியூலாவை இந்த ஊரில் யாரும் இவ்வளவு உயர்த்திப் பேசியதில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்தேன்.

(இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.)

புரட்டாசி 8, சனி

சனிக்கிழமை விரதம். காயம் ஆற முட்டை சாப்பிடு என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "பெருமாளு கேட்டா டாக்டர் சீட்டைக் காட்டுவீங்களா" என்றாள். பருப்பும் சோறும்.

புரட்டாசி 10, திங்கள்

கட்டுப் போடும் அறையில் பியூலா இல்லை. முன்னால் டோக்கன் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. என்ன அம்மிணி, சளியா என்றேன். ஆமா என்றது.

உள்ளே டாக்டரே கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் நல்ல மனுஷன், நாடி பிடித்தால் நோய் தானாகப் பேர் சொல்லும். ஆனால் கட்டுப் போடுகிற கை வேறு. துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். சர்க்கரைக் காலுக்கே வலித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க, புள்ளை எங்கீங்க?"

"பில்லைப் பத்தி அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"பில்லைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே. பியூலாவப் பத்தித்தான் நாலு வார்த்தை நல்லதாச் சொன்னேன்."

டாக்டர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. பிறகு காலைக் கட்டிக்கொண்டே விளங்கச் சொன்னார். நிதியில் ஒரு விதி. டாக்டர் முதலில் ஆளைப் பார்த்து, இன்னது செய் என்று முடிவு பண்ணியிருக்க வேண்டும். அதை நர்ஸ் செய்யும்போது டாக்டரும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், நர்ஸ் செய்ததை டாக்டரே செய்ததாக வைத்துப் பில் போடலாம். டாக்டர் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பில்லுக்கே இடமில்லை.

"முதல் நாளு நாந்தானே காலைப் பார்த்தேன்? அதையாவது சொல்லியிருக்கலாமில்லீங்க. மறந்துட்டீங்களா?"

நான் எதையும் மறப்பதில்லை. ஒரு ஆளைப் பாராட்டும்போது அடுத்த ஆள் கதை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"அப்புறம், டாக்டர் வீட்டுல நிம்மதியா இருப்பாருன்னு சொன்னீங்களாமா?"

"இருக்கோணுமுன்னுதானுங்க எல்லாருக்கும் ஆசை."

"பாராட்டியே கவுத்துட்டீங்க பெரியவரே" என்றார்.

மாடி வீடு என்றும், வீட்டில் இருந்த டாக்டர் கிளினிக்கில் இல்லாத டாக்டர் என்றும் அந்த அம்மிணி முடிவு எழுதினால், கிளினிக்கை அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இங்கே கட்டுப் போட வருகிறவர்களில் முக்கால்வாசி மில் அட்டைக்காரர்கள். அவர்கள் வராவிட்டால் கட்டுப் போடும் அறை எதற்கு, அதில் ஒரு நர்ஸ் எதற்கு. முடிவு தெரியும்வரை, டாக்டர் அறைக்குள் நிற்காமல் பியூலா யார் புண்ணிலும் கை வைக்கக் கூடாது. எப்படியும் நிற்க வேண்டியதுதானே என்று டாக்டர் தானே கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வரும்போது மேஜைப் பக்கம் பார்க்காமல் வந்தேன். களி இறங்கவில்லை.

புரட்டாசி 11, செவ்வாய்

காலையிலிருந்து அந்த விதியைத் திட்டலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. அது எங்கள் விதி.

மில்லுக்குள்ளேயே அப்போது ஓர் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். தேர் அச்சு முறிந்து, நடுத்தெருவில் சாமி மூன்று நாள் குடியிருந்த வருஷம். பஞ்சு உடைக்கும் பிரிவில் ஆறுச்சாமி என்று ஒருவன். மூச்சு முட்டுகிறது என்று போனான். கம்பவுண்டர் ஊசி போட்டார். போட்டதும் ஆறுச்சாமிக்குக் கண் மேலே சொருகிவிட்டது. டாக்டர் ஊருக்குள் கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போய்க் கூப்பிட்டவனிடம், இந்த ஆட்டம் முடியட்டும் என்றார். ஆட்டம் முடிவதற்குள் ஆறுச்சாமி முடிந்துவிட்டான்.

மறுநாள் மெஷின் ஓடவில்லை. மில் சங்கு ஊதாமல் ஊரே நேரம் தெரியாமல் திரிந்தது. பால்காரன் மத்தியானம் வந்தான். கடைசியில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் அழுத்தமாகப் பேசினோம்.

(இவர் மில் கேட்டுக்கு வெளியே கொடி பிடித்துக்கொண்டு நின்றார்.)

கொடியும் ஓர் ஆள் பிடிக்க வேண்டும்தானே.

அந்த ஒப்பந்தத்தில் வந்தது இந்த விதி. நர்ஸோ கம்பவுண்டரோ ஒருவன் உடம்பில் கை வைக்கும்போது, டாக்டர் கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். அது நல்ல விதி. இன்றைக்கும் அதற்காகக் கேட்டில் நிற்பேன், காலில் கட்டோடு. ஆனால் அது பியூலாவைப் பிடிக்கிறதற்காக வந்த விதி இல்லை. சீட்டாடுகிறவனைப் பிடிக்க வந்தது. கஞ்சி ஊட்டுகிறவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

புரட்டாசி 12, புதன்

இன்றும் டாக்டரே. பாதிக் கட்டுப் பிரித்திருக்கும்போது மாடியில் அவர் அம்மா கூப்பிட்டார். "சித்தெ இருங்க" என்று ஓடினார். கால் திறந்தபடி கிடந்தது. பியூலா கதவருகில் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அம்மிணி, ஈ வருது."

"பாக்கேன் தாத்தா."

"பாத்தாப் போதுமா?"

"அது மட்டுந்தான் பண்ணலாமாம்" என்றது. பிறகு ஒரு அட்டையை எடுத்து, காலைத் தொடாமல், தூரத்திலிருந்தே வீசியது. காற்று வந்தது. காற்றுக்குப் பில் உண்டா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

புண்ணைப் பார்த்தபோது அதன் முகம் மாறியதை நான் கவனித்தேன். டாக்டர் இறங்கி வந்ததும் அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னது. அவர் குனிந்து பார்த்து, மருந்தை மாற்றி எழுதினார்.

குப்பணன் ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

புரட்டாசி 13, வியாழன்

காய்ச்சல் இல்லை.

(இருக்கிறது.)

புரட்டாசி 14, வெள்ளி

கோகிலவாணி அம்மிணி மறுபடி வந்தது. நான் சொன்னதை எழுதிய தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னது. வைக்க மாட்டேன் என்றேன்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறனுங்க."

"பொய் சொன்னீங்களா அய்யா?"

"பொய் இல்லீங்க. பாராட்டு."

அந்த அம்மிணி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தது. கெட்ட பிள்ளை இல்லை. வேறு ஓர் ஊரில், கூட்டிப் பெருக்குகிற ஆள் தையல் போட்டிருக்கிறான், டாக்டர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பில் டாக்டர் பேரில் வந்திருக்கிறது. அதைப் பிடித்ததும் இதே அம்மிணிதான்.

"அது தப்புங்க. அதைச் சும்மா விடக் கூடாதுங்க" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் என்னங்கய்யா வித்தியாசம்? மாடி வேற வாசல், வேற கதவு எண். எங்க கையேட்டுல 'அதே இடத்தில்'னு இருக்கு."

"கதவு வேறதானுங்க. குழாய் ஒண்ணுதானுங்களே."

குழாய்க் கதையைச் சொன்னேன். அது நம்பினதாகத் தெரியவில்லை. எழுந்து கட்டுப் போடும் அறைக்குப் போனது, நானும் பின்னாலேயே போனேன். குழாயை மேலிருந்து கீழே பார்த்தது. பிறகு பியூலாவைக் கூப்பிட்டு, "தட்டுங்க" என்றது.

"காரணம் இல்லாமத் தட்டினா டாக்டர் பதறிருவாரு மேடம்."

"நாந்தானே சொல்றேன். தட்டுங்க."

பியூலா கத்தரிக்கோலை எடுத்துத் தட்டியது. மாடியில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். படியில் தடதடவென்று ஓர் ஓட்டம். டாக்டர் வந்து நின்றார். பனியன் உள்வெளியாகத் திரும்பியிருந்தது. கையில் கஞ்சிக் கரண்டி. அந்த அம்மிணியை அவர் பார்க்கவே இல்லை. நேரே என் காலுக்குக் குனிந்தார்.

"என்னாச்சு, ரத்தமா? எங்க?"

கரண்டியிலிருந்து கஞ்சி என் வேட்டியில் சொட்டியது.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். மேல போங்க, அம்மாவுக்குக் கஞ்சி ஆறிடும்" என்றது அந்த அம்மிணி.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் தாளைப் புரட்டியது. பிறகு என்னிடமும் பியூலாவிடமும் சேர்த்துச் சொன்னது: "அவர் வர்றாருங்கிறதை நான் ஒத்துக்கறேன். ஆனா நான் ஒத்துக்கிட்டுப் பிரயோஜனம் இல்லை. பழைய ஒப்பந்தத்துல 'கூப்பிட்டால் வரும் தூரம்'னு இருக்கு. கையேடு பின்னால வந்தவங்க எழுதினது. ரெண்டுக்கும் நடுவுல சந்தேகம் வந்தா, ஒப்பந்தம் பேசின அறையில உட்கார்ந்திருந்தவங்களைக் கேட்கறதுதான் நிதிக் கமிட்டி வழக்கம். அவங்க, டாக்டர் வீட்டுல இருந்தாலும் சரின்னுதான் அன்னிக்குப் பேசினோம்னு சொன்னா, கமிட்டி அதை ஏத்துக்கும். பியூலா நாளைக்கே கட்டுப் போடலாம். அந்த ஆளுங்கள்ல யாராவது உயிரோட இருக்காங்களா?"

நான் வேட்டியில் ஒட்டிய கஞ்சியைச் சுரண்டினேன்.

"திங்கக்கிழமை வரேன். பேர் சொல்லுங்க. இல்லைன்னா, மாடியை வீடுன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன். எனக்கு வேற வழி இல்லைங்கய்யா."

பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். அவள் உடனே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுத்து இன்றைக்கு வேகமாகப் போகிறது.

புரட்டாசி 15, சனி

காய்ச்சல் ஏறி இறங்குகிறது. விரதச் சோறு பாதிதான் இறங்கியது.

அன்று அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். மேனேஜர் கேட்டாராம், டாக்டர் என்ன வாட்ச்மேனா, விடிந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவருக்குக் குடும்பம் இல்லையா என்று. டாக்டர் குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு முற்றம் தாண்டி. அதற்கு எங்கள் பக்கத்திலிருந்து, டாக்டர் வீட்டில் இருக்கலாம், தடையில்லை, அழைத்தால் வரவேண்டும் என்று பதில் சொன்னார்கள்.

(அப்படிச் சொல்லவில்லை. "வீட்டுல இருக்கட்டும். சோறு திங்கட்டும், தூங்கட்டும், புள்ளையக் கொஞ்சட்டும். கூப்பிட்டாக் காதுல விழோணும், விழுந்தாக் கையக் கழுவாம ஓடியாரோணும்" என்று சொன்னது. அதைத்தான் அவர்கள் சுருக்கி எழுதிக்கொண்டார்கள்.)

அவள் திருத்தினால் நான் மறுப்பதில்லை.

புரட்டாசி 16, ஞாயிறு

பியூலா சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தது. கட்டை மோந்து பார்த்தது. பிரிக்கவில்லை.

"பிரிச்சுப் பாரு அம்மிணி."

"டாக்டர் இங்க இல்லல்லா தாத்தா."

"எங்க வீட்டுலயும் குழாய் இருக்குது. வேணுமுன்னாத் தட்டிப் பாரு."

சிரிக்க ஆரம்பித்தது. பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வாடகை வீட்டுக்காரரிடம் இந்த மாதத்தோடு அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன் என்றது.

"எம்மேல கோவமா?"

"நீங்க நல்லதுதான சொன்னீங்க. இத்தன வருசத்துல யாரும் என்னப் பத்தி அப்படிச் சொன்னதில்ல. அந்த மேடம் வாசிச்சுக் காட்டுனாங்க. டாக்டருக்கு இங்க என்ன வேலன்னு கேட்டீங்களாமே. அதக் கேட்டுட்டு எனக்குச் சந்தோசப்படவா, பயப்படவான்னு தெரியல."

இவள் காப்பி கொடுத்தாள். பியூலா குடித்துவிட்டு, "பாட்டி, நாளைக்குச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இந்தக் காலு இதுக்கு மேல டாக்டர் கையத் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனது. என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னதை நான் கவனித்தேன்.

அது போனதும் இவள் சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"காய்ச்சலோட தனியாப் போவீங்களாக்கும்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

(கேட்டால் சொல்வேன்.)

புரட்டாசி 17, திங்கள்

ஆட்டோவில் போனோம். கிளினிக் பெஞ்சில் கோகிலவாணி அம்மிணி. பக்கத்தில் டாக்டர். பியூலா டோக்கன் மேஜையில், டோக்கன் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது. இவள் என் கைத்தடியையும் மருந்துப் பையையும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அங்கே தொங்கிய காலண்டரில் இன்றைக்கு நல்ல நேரம் எப்போது என்று பார்ப்பவள் மாதிரி நின்றாள்.

"சொல்லுங்கய்யா. அந்த அறையில யாரெல்லாம் இருந்தாங்க?"

சொன்னேன். மேனேஜர் சேஷகிரி: ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் பெங்களூர் போனார், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அங்கேயே போய்ச் சேர்ந்தார். லேபர் ஆபீசர்: பேச்சுவார்த்தை முழுக்கப் பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர், பல்லெல்லாம் போய், ஆளும் போய்விட்டார். சங்கச் செயலாளர் ராயப்பன்: மேடையில் பேசிக்கொண்டே சரிந்தான், பேச்சின் மீதியைக் கேட்க யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை. பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவு சுலைமான்: மகளைக் கட்டிக் கொடுத்த மறு வாரம். நூற்புப் பிரிவு அர்த்தநாரி: மெஷின் சத்தத்தில் காது போனவன். பேச்சுவார்த்தையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், ஒன்றும் கேட்டிருக்காது. போன தைக்கு முன் தையில் போனான்.

அந்த அம்மிணி ஒவ்வொரு பேரையும் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டது. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தது.

"அவ்வளவுதானா?"

டாக்டர் தரையைப் பார்த்தார். பியூலா எழுந்து நின்றது.

"இன்னொரு ஆளு உண்டுங்க" என்றேன். "ஆறுச்சாமி செத்த அன்னிக்கு மொதல்ல மெஷினை நிறுத்தினது நூல் சிட்டம் சுத்தற பொம்பளைங்க. ரீலிங் டிபார்ட்மென்ட். நாங்கெல்லாம் பொறவுதான் நிறுத்தினோம். அவிங்க பக்கம் ஒரு ஆளு உள்ள வராம நான் உக்கார மாட்டேன்னு ராயப்பன் சொல்லீட்டான். படிக்கத் தெரிஞ்ச ஆளாப் பாத்து அனுப்பினாங்க. டாக்டர் வீட்டுல இருக்கட்டும், கூப்பிட்டா ஓடியாரோணும்னு சொன்னது அந்த ஆளுதானுங்க. நான் கேட்டுக்கு வெளிய நின்னேன். வெளிய வந்து அந்த ஆளே சொல்லித்தான் எனக்குத் தெரியுமுங்க."

"அவங்க இருக்காங்களா?"

"இருக்கறாங்க."

"கமிட்டி முன்னால வந்து சொல்லுவாங்களா?"

நான் சுவரோரம் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தபடியே தலையை அசைத்தாள்.

"சொல்லுவாங்களாம்."

அந்த அம்மிணி பேனாவைத் திறந்தது. "பேரைச் சொல்லுங்கய்யா."

இங்கேதான் எனக்கு வாய் வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்கிற வழக்கம் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் 'இவளே' என்பேன். ரேஷன் கடையில் பேர் கேட்டால் அட்டையை நீட்டுவேன். அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் என் மச்சான்தான் பேர் சொன்னான். கிளினிக்கில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இப்போது கேட்டால், எழுதுகிறவள், மேலே சொல்லுங்கள் என்கிறாள்.

நான் தடி இல்லாமல் எழுந்து நின்றேன்.

"மயிலாத்தாளுங்க" என்றேன். "ரீலிங் டிபார்ட்மென்ட் மயிலாத்தாள்."